நாலு நிமிஷ இருட்டு

"கேமராவைக் குடுங்க மேடம்! அதுக்குள்ளதான் எங்க அண்ணன் உசுரு கெடக்கு!"

"சத்தம் போடாதம்மா! இது ஸ்டேஷன், உன் ஸ்டுடியோ இல்ல!"

"விடிஞ்சதுலேருந்து கெஞ்சுதேன்... ஒரே ஒரு படம் பாக்க விட மாட்டேங்கீங்களே!"

வாசலில் கூட்டம். பால் வாங்க வந்தவர்கள் பாலை மறந்து நின்றார்கள். சங்கரன்கோவிலில் கொலை என்ன தினமுமா விழுகிறது?

இசக்கிசெல்விக்கு வயது இருபத்தாறு. தொழில், வண்டிகளை இருட்டில் படம் எடுப்பது. கேமராவை நாலு நிமிஷம் திறந்து வைப்பாள். கையில் ஃப்ளாஷோடு நடந்துகொண்டே பளிச் பளிச்சென்று வெளிச்சம் அடிப்பாள். படத்தில் வண்டி தேராக ஜொலிக்கும். நடந்தவள் மட்டும் இருக்கவே மாட்டாள்!

நேற்று ராத்திரி நாறும்பூநாதனின் புது லாரி. வீட்டு ஹாலில் பெண்டாட்டி படம்கூட மாட்டாத மனிதர், லாரிக்கு ஆறடி ஃப்ரேம் சொல்லியிருந்தார்.

ஊருக்குக் கிழக்கே தரிசு. நிலா இல்லை. பின்னால் முள்ளுக்காடு.

அவள் அண்ணன் மாரிராஜ், ஹெட்லைட்டோடு வருகிற வண்டிகளை மறிக்க ரோட்டுக்குப் போய்விட்டான். நாறும்பூநாதன் செல்போனை அணைத்துவிட்டு லாரிக்குப் பின்னால் ஒதுங்கினார்.

கேமரா திறந்தது.

ஃப்ளாஷ் அடிக்கும்போதெல்லாம் செல்வி கண்ணை இறுக மூடிக்கொள்வாள். இல்லாவிட்டால் கண் கூசி, அடுத்த அடி எங்கே வைப்பதென்று தெரியாது.

பளிச்... இருட்டு.

பளிச்... இருட்டு.

எங்கோ சருகு நொறுங்கியது. அப்புறம் 'தொப்'பென்று ஒரு சத்தம்.

"அண்ணாச்சி, அங்கனயே நில்லுங்க... அசையாதீய!"

பதில் இல்லை.

அவர் அசையவும் இல்லை!

நாலு நிமிஷம் முடிந்து டார்ச் அடித்தபோது, பின்மண்டை பிளந்து கிடந்தார். பக்கத்தில் ஜாக்கி லீவர்!

"ரோட்டுல நின்னேங்கான் உங்க அண்ணன். பாத்தது யாரு?" ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் நிர்மலாதேவி விரலை மடக்கினாள். "ஒரு வண்டி வரல. ஒரு ஆளு பாக்கல. செத்தவரோட மக வித்யாலட்சுமியைப் பொண்ணு கேட்டு அவமானப்பட்டுத் திரும்பினவன் அவன். ஊருக்கே தெரியும்!"

ஊருக்குத் தெரிந்தது பாதி. மீதி தெரிந்தவர் காபி ஃப்ளாஸ்க்கோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

விக்னேஷ்வரன். செத்தவரின் மைத்துனர். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. பக்திமான்.

"கேமராவுல என்னட்டி இருக்கப் போவுது?" எழுந்து கத்தினார். "கருப்பு உடுத்து நடந்துக்கிட்டே இருந்தா படத்துல ஆளு விழாதுன்னு நேத்து வண்டிப் பூஜையில பெருமையடிச்சது நீதானே? உங்கண்ணன் அதைத்தான் செஞ்சிருக்கான்!"

"அப்ப பாக்குறதுல உமக்கு என்ன வே நஷ்டம்?"

நிர்மலாதேவிக்குத் தலை வலித்தது. "ஏட்டய்யா, அதைக் காட்டித் தொலைங்க."

ஏட்டு மூக்காண்டி கேமராவை எடுத்து வந்தார். செல்வி பட்டனை அழுத்தினாள்.

லாரி... வானம்... நட்சத்திரம்...

லாரிக் கதவருகே ஓர் ஆள்!

முழு ஆள் இல்லை, அரை ஆள். கண்ணாடி போல. அவன் வயிற்றுக்குள்ளே, கதவில் எழுதியிருந்த 'கோமதி அம்மன் துணை' என்ற எழுத்துகள் பளபளத்தன!

"தாயே... பேயி!" மூக்காண்டி சுவரோடு ஒட்டினார்.

"பேயில்ல ஏட்டய்யா. நடந்தா விழாது, நின்னா விழும். ஒரே ஒரு ஃப்ளாஷுக்கு நின்னிருக்கான். அதான் பாதி ஆளு."

"கொலை பண்ணிட்டுப் போறவன் எதுக்கு நிக்கணும்?" என்றாள் நிர்மலாதேவி.

செல்வி படத்தைப் பெரிதாக்கினாள்.

இரண்டு கைகள், தலைக்கு மேலே குவிந்து. முகம், கோபுரம் இருக்கிற திசையைப் பார்த்து!

அவளுக்கு நினைவு வந்தது. ஃப்ளாஷ் அடித்துக்கொண்டிருந்தபோது காற்றில் அர்த்தஜாம மணி கேட்டதே...

மணி கேட்ட மாத்திரத்தில், ஓடுகிற பஸ்ஸில்கூடக் கம்பியை விட்டுவிட்டுக் கை குவிக்கிற ஆள் ஊரில் ஒருவர்தான். அதில் இரண்டு தடவை விழுந்தும் இருக்கிறார்!

ஃப்ளாஸ்க் தரையில் உருண்டது.

"நேத்து அர்த்தஜாமத்துல எங்க இருந்தீங்க விக்னேஷ்வரன்?" நிர்மலாதேவி பெஞ்சுப் பக்கம் திரும்பினாள்.

"கோ... கோயில்ல சாமி கும்பிட்டேன்..."

"கும்பிட்டது வாஸ்தவம். இடம்தான் கொஞ்சம் தள்ளிப் போச்சு!"

விக்னேஷ்வரன் உடைந்தார்.

"தாய்மாமன் நான் பத்து வருஷமாக் காத்துக் கெடக்கேன்! நேத்து மத்தியானம் அத்தான் சொல்லுதாரு, 'மாரிராஜுக்கே குடுத்துருவோம்டே, நாளைக்கு எல்லார்ட்டயும் சொல்லுவோம்'னு... அந்த நாளைக்கு வர விடுவனா?"

லாக்கப் கதவு திறந்தது. ஒருவர் உள்ளே, ஒருவன் வெளியே.

செல்வி அண்ணனின் கையைப் பிடித்தாள். கண்ணில் தண்ணீர்.

"செல்வி, ஒரு நிமிஷம்." நிர்மலாதேவி ஒரு காகிதத்தை நீட்டினாள். "ராத்திரி ரெண்டு மணிக்கு உங்க அண்ணன் எழுதிக் குடுத்தது. இனி எனக்கு வேண்டாம்."

மாரிராஜின் கையெழுத்து, குண்டு குண்டாக.

'நான் ரோட்டில்தான் நின்றேன். லாரிப் பக்கம் இருந்தது என் தங்கச்சி இசக்கிசெல்வி மட்டுமே. அவளுக்குக் கோபம் ஜாஸ்தி. அவளே அடித்திருப்பாள்.'

செல்வி பிடித்திருந்த கையை விட்டாள்.

"ஏட்டி... ஒரு பதட்டத்துல எழுதிட்டேன்..."

மூக்காண்டி தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

காகித விஷயம் மத்தியானத்துக்குள் நாலு ரத வீதியும் சுற்றி வந்துவிட்டது. கூடப் பிறந்தவளையே எழுதிக் கொடுத்தவன் கட்டினவளை என்ன செய்வான் என்று கேட்டுவிட்டு, வித்யாலட்சுமி மறு வருஷம் வாசுதேவநல்லூர் வாத்தியார் ஒருவருக்குக் கழுத்தை நீட்டினாள். புருஷனைச் சுடுகாட்டுக்கும் தம்பியைப் பாளையங்கோட்டை ஜெயிலுக்கும் கொடுத்த நெல்லையம்மாள், லாரியை விற்றுவிட்டு மகளோடு போய்விட்டாள்.

மாரிராஜுக்கு இன்னும் பெண் பார்க்கிறார்கள். மாப்பிள்ளை எப்படி என்று விசாரிக்க வருகிறவர்கள் நேரே ஸ்டுடியோவுக்குத்தான் வருகிறார்கள்.

செல்வி காபி கொடுத்து, உட்காரவைத்து, ஒன்று விடாமல் சொல்லி அனுப்புகிறாள்!