இழைக் கோட்பாடும் ஒரு வக்கீலும்

"சார்... எழுந்திரிங்க! என் பத்துப் பரிமாணத்து மேல உக்காந்திருக்கீங்க!"

சிதம்பரத்தில் கிளம்பிய பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. சாரலடித்த ஜன்னலைச் சாத்த சிந்துஜா எழுந்திருந்தாள். அதற்குள் மழைக்கு ஓடிவந்து ஏறியவன் அவளுடைய தாள்களின் மேல் உட்கார்ந்துவிட்டான். பதறி எழுந்தவனின் கறுப்புக் கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது... இமைகளிலிருந்தும்தான். ஆம்பளைக்கு இப்படியா கண்ணு இருக்கும்! கோபத்துக்கு நடுவிலும் அவள் மனசு தன்பாட்டுக்குச் சொன்னது.

"ஸாரி மேடம். நான் இளவரசு, கடலூர் கோர்ட்ல வக்கீல். இது என்னா கேஸு?"

"ஸ்ட்ரிங் தியரி. அதுலதான் பிஎச்.டி. பண்றேன். சாயந்திரம் கடலூர்ல இதப் பத்திப் பேசப் போறேன்."

"எனக்குப் புரியறாப்புல சொல்லுங்களேன்..."

"எல்லாப் பொருளுக்குள்ளயும் துடிக்கிற சின்னச் சின்ன இழைங்க. கணக்கு சரியா வரணும்னா நீளம், அகலம், உயரம் மட்டும் போதாது, மொத்தம் பத்துப் பரிமாணம் வேணும். கடலூர் முதுநகர் துறைமுகத்துல கரையில நின்னா, படகு கட்டுன கயிறு வெறும் கோடுதான? கிட்ட போனா அதச் சுத்தி விரல் ஓட்டலாம். அப்படி, மிச்சப் பரிமாணமெல்லாம் நம்ம கண்ணுக்கு எட்டாம சுருண்டு கெடக்கு..."

"அப்ப வேற உலகமும் உண்டா?"

"கணக்கு எடம் குடுக்குது. அங்க இன்னொரு இளவரசுகூட..."

"அவனாவது பாத்து உக்காருவானா?"

சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். சிரித்துவிட்டாள்.

சாயங்காலம் அவள் பேசி முடித்ததும், கேள்வி நேரத்தில் முதல் வரிசையிலிருந்து எழுந்தவன் அவனேதான்.

"இவ்ளோ நேரம் இருக்கு, இருக்குன்னீங்க. ஒரு சாட்சியாவது உண்டா மேடம்?"

அரங்கமே சிரித்தது. அவளுக்குக் காது சுட்டது.

"இல்ல... இன்னும் இல்ல."

வெளியே குடையோடு ஓடிவந்தவனை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. "உங்க வாதத்த கோர்ட்டோட வச்சிக்குங்க!" ஆட்டோ ஏறிவிட்டாள்.

ஆனால் அந்தக் கேள்வி சிதம்பரம் வரை கூடவே வந்தது. ஆய்வேட்டைத் திறந்தாள். 'இருக்கலாம்' என்று எழுத வேண்டிய இடத்திலெல்லாம் 'இருக்கிறது' என்று எழுதி வைத்திருந்தாள்! பக்கம் பக்கமாகத் திருத்தினாள். "இப்பதாம்மா நிமிந்து நிக்குது" என்றார் வழிகாட்டிப் பேராசிரியர். அத்தனை பேரில் கடைசி வரை காது கொடுத்துக் கேட்டவன் அவன் ஒருத்தன்தானே... கோபம் போய்விட்டது. அந்தக் கண்கள்தான் போகவில்லை.

மறுவாரம் கடலூர் கோர்ட் வராந்தாவில், நல்ல மழையில், போய் நின்றாள்.

"மேடம்! அன்னிக்கு ஜாஸ்தி பேசிட்டேன். எல்லார் முன்னாடியும்..."

"கேள்வி சரிதான். என்கிட்ட தனியா கேட்டிருக்கலாம்."

"இனிமே தனியாவே கேக்கறேன்."

"தினமும் கேளுங்க." முகத்து ஈரத்தைத் துடைத்துக்கொண்டு நேராகப் பார்த்தாள். "வேற உலகம் இருக்கா இல்லையான்னு ஆயுசு பூரா தேடப் போறேன். கிடைக்காமயும் போகலாம். பக்கத்துல நீங்க இருக்கணும்... எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு இளவரசு."

அவன் வாயைத் திறப்பதற்குள், "சார், நம்ம கேஸக் கூப்பிடறாங்க!" கட்சிக்காரர் கோட்டைப் பிடித்து இழுத்தார். நாலடி போனவன் நின்று திரும்பினான்.

"எனக்கும்தான் சிந்து! பஸ்லேந்து எறங்கும்போதே சொல்லியிருக்கணும்... பயந்துட்டேன். போயிடாதீங்க, முடிச்சிட்டு ஓடியாறேன்!"

"போக மாட்டேன்" என்றாள் சிந்துஜா.