பிழைத்த பெட்டி

அன்று காலை எலிகள் சுடலைராஜைக் கண்டு ஓடவில்லை.

வழக்கமாக அவன் கதவைத் திறந்ததுமே பெட்டிகளுக்குள் உமி சரசரக்கும். அத்தனையும் மூலைக்குப் போய் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். நாலு வருட ஆராய்ச்சியில் அவனுக்குக் கிடைத்துவந்த ஒரே மரியாதை அதுதான். அன்று ஒன்றும் அசையவில்லை. வெளியே சாரல் ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. மலைப்பக்கமிருந்து அருவியின் இரைச்சல் கனமான போர்வை இழுபடுவதுபோல விடாமல் வந்துகொண்டிருந்தது. எலிகள் மூக்கை மட்டும் தூக்கி அவனை மோந்து பார்த்தன. வீட்டு ஆள்தான் என்று தெரிந்ததும் திரும்பவும் தீனியைக் கொறித்தன.

குற்றாலத்தில் நொடித்துப்போன ஒரு சீசன் லாட்ஜை வாடகைக்குப் பிடித்து, கல்லூரி அதற்கு ஆராய்ச்சிக் கூடம் என்று பெயர்ப்பலகை மாட்டியிருந்தது. மாடியில் எலிகள், கீழே சுடலைராஜ். எலிகளுக்கு ஏசி உண்டு.

ஆராய்ச்சி இதுதான். எல்லா எலிக்கும் ஒரே குடல்கிருமியைக் கொடுப்பது. கறுப்பு எலி ரெண்டு நாள் வயிற்றால் போய்ப் பிழைத்துக்கொள்ளும். பழுப்பு எலி முதுகு கூனி, மயிர் சிலிர்த்து, செத்துப்போகும். குடலுக்குள் ஏற்கெனவே குடியிருக்கும் நல்ல கிருமிகளைப் பொறுத்தது எல்லாம். பழுப்பைக் கறுப்போடு ஒரே பெட்டியில் குடிவைத்தால், கறுப்பின் புழுக்கையைத் தின்று அந்தக் குடியிருப்பைத் தன் வயிற்றுக்கும் கொண்டுவந்து அதுவும் தப்பித்துவிடும். அப்படிப் பிழைத்தவை ஒரு பெட்டி நிறைய இருந்தன. சுடலைராஜின் முனைவர் பட்டம் அதற்குள்தான் ஓடித் திரிந்தது.

கையுறை தீர்ந்துபோய் மாதக்கணக்காயிற்று. கேட்டதற்குக் கொள்முதல் கமிட்டி, பழையதையே கழுவிப் போட்டுக்கொள்ளச் சொன்னது. கழுவிப் போட்டான். விரல் நுனிகளில் காற்று நன்றாக வந்தது.

மத்தியானம் அட்டெண்டர் கிதிர் முகம்மது மாடிப்படியில் நின்று மூக்கைச் சுளித்தார்.

“தம்பி, மேல செத்ததையெல்லாம் அள்ளியாச்சா? வாடை வருதே.”

“அள்ளிட்டேன் பாய்.”

“பொறவு இது எங்கனயிருந்து வருது?”

புளித்த பாலும் நனைந்த சாக்கும் கலந்த வாடை. சாகப்போகிற பழுப்பு எலியிடம் மட்டும் வருவது. படியில் இருந்தது, கீழே அவன் அறையில் இருந்தது, தலையணையில் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. ஜன்னலைத் திறந்தான். தலையணை உறையைக் கழுவிப் போட்டான். குளித்தான். குளித்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தபோது துண்டிலும் இருந்தது.

அப்போதுதான் வயிறு முதன்முதலாக முறுக்கியது.

போன வாரம் மழையில் நனைந்து காய்ச்சல். மெடிக்கலில் போய், “அண்ணாச்சி, காய்ச்சலுக்கு ஒரு செட்டு குடுங்க” என்று வாங்கினான். ஊரே அப்படித்தான் வாங்குகிறது. மூன்று நிறத்தில் மாத்திரைகள்; மஞ்சள் ஆன்டிபயாடிக். தீர்ந்ததும் இன்னொரு செட்டு. அது குடலில் இருப்பதையெல்லாம் துடைத்துக் காலி செய்துவிடும் என்பதும், காலி வீட்டுக்குள் யார் வேண்டுமானாலும் வந்து குடியேறலாம் என்பதும் அவனுக்குத் தெரியும். ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறான். அது எலிக்குத்தானே என்று நினைத்துவிட்டான்.

பாய் அவனைத் தென்காசிக்கு ஆட்டோவில் கூட்டிப்போனார். டாக்டர் சீசன் கூட்டத்துக்கு நடுவே நிமிராமலேயே கேட்டு, இன்னும் வீரியமான ஒரு செட்டு எழுதிக்கொடுத்தார்.

திரும்பி வந்து கைடு ஆனந்தவள்ளி மேடத்துக்குப் போன் போட்டான்.

“மேடம், ரத்தமாப் போவுது.”

“எந்த குரூப்?”

“எனக்கு மேடம்.”

“அது மனுஷங்களுக்கு வராதுப்பா. எல்லாப் பேப்பர்லயும் போட்டிருக்கே.”

“ஒரு வாரமா ஆன்டிபயாடிக் போட்டிருக்கேன் மேடம்.”

அந்தப் பக்கம் பேனா மூடியைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

“சுடலை, நல்லாக் கேளு. அந்தப் பிழைச்ச பெட்டியை மட்டும் தொட்டுறாதே. நாளைக்கு ஆராய்ச்சியைப் பாக்க ஒரு கமிட்டி வருது. அதுல ஏதாவது கலைஞ்சுதுன்னா நம்ம டேட்டா போச்சு.”

அதுவரை அவனுக்கு அந்த யோசனையே வந்திருக்கவில்லை.

சாயங்காலம் கரண்டு போயிற்று. மழை வலுத்தது. பாய் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, “பெரிய ஆசுவத்திரிக்கே போயிருவோம் தம்பி, வண்டி பிடிச்சிட்டு வருதேன்” என்று ஓடினார். ஓடுகிற மனிதரைக் கூப்பிட்டு நிறுத்தி, உங்கள் மலத்தில் கொஞ்சம் தாருங்கள் என்றா கேட்பது? இதையெல்லாம் மனிதர்களிடம் கேட்க முடியாது. கேட்டால் ஊரில் பெண் தரமாட்டார்கள்.

மாடிக்குப் போனான்.

நிமிர்ந்தால் வயிறு கிழிந்தது. கைகளையும் ஊன்றி ஏறினான். அப்படி ஏறுவது சுலபமாக இருந்தது. கூச்சமில்லாத அளவுக்குச் சுலபமாக இருந்தது.

இருட்டில் உமி வாசம் முதலில் வந்தது. பிறகு ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியாக. இது சாகப்போவது. இதுவும். இது இப்போதுதான் செத்தது. கண் தேவைப்படவில்லை.

பிழைத்த பெட்டி கடைசி அடுக்கில் இருந்தது. கம்பி மூடியை நீக்கினான். கையை விட்டான். ஒன்றும் கடிக்கவில்லை. ஒரு சிட்டிகை. சின்னது, காய்ந்தது. அரிசியில் கிடந்தால் பொறுக்கி எறிவது.

வாயில் போட்டான்.

உமி. மண். லேசான புளிப்பு.

வயிறு அடங்கியது. மத்தியானத்திலிருந்து முறுக்கிய முறுக்கு, கை எடுத்ததுபோல நின்றது. அவனுக்கு அழுகை வந்தது. இன்னொரு சிட்டிகை. இன்னொன்று. பிறகு சிட்டிகை போதவில்லை.

“தம்பி! வண்டி வந்துட்டு! எங்கன இருக்கிய?”

பாயின் குரல் கீழேயிருந்து வந்தாலும், வெகு உயரத்திலிருந்து விழுவதுபோல, காது கூசும் சத்தமாகக் கேட்டது. இந்தா வாறேன் என்று சொல்ல வாயைத் திறந்தான். வாய் நிறைந்திருந்தது.

படியில் செருப்புச் சத்தம். ஒவ்வொரு படிக்கும் தரை அதிர்ந்தது.

பெட்டிக்குள் எலிகள் அவனையே பார்த்தன. கறுப்பும் பழுப்புமாக. பிறகு, டவுன் பஸ்ஸில் ஒருவன் நிற்பதைப் பார்த்து மற்றவர்கள் ஒதுங்கி உட்காருவதுபோல, முதலில் ஒன்று நகர்ந்தது. அடுத்தது நகர்ந்தது. எல்லாம் நகர்ந்தன.

உமிக்கு நடுவில் ஓர் இடம் விட்டன.

ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு.