கண்வைத்த பொருள்

1973 டிசம்பர், வெள்ளிக்கிழமை. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு ஓய்ந்த நேரத்தில் சமையற்கட்டிலிருந்து யாரோ குழந்தையைக் கூப்பிட்டார்கள்.

"பானு, வா கண்ணு."

கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்த ஹபீபா நிமிர்ந்தாள். அது ஹபீபாவின் சொந்தக் குரல்.

எட்டிப் பார்த்தாள். அடுப்பின் முன்னால் எல்சா குந்தியிருந்தாள்.

எல்சா ஜெர்மனிக்காரி. கோயில் பார்க்க வந்தவள். ஹபீபாவின் கணவன் ஷஃபியுல்லா செங்கல்பட்டில் வாடகைக் கார் ஓட்டினான். தினமும் அவளை மாமல்லபுரத்துக்குக் கூட்டிப்போனான். இந்த நாட்டை விட்டுப் போக முடியாது என்று இங்கிலீஷில் சொல்லிக் காரில் அழுதாளாம். லாட்ஜ் வேண்டாம், ஒரு வீட்டில் இருக்க வேண்டும் என்றாளாம். முன்னறையைக் கொடுத்தார்கள். அப்போது அவளுக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது.

பொழுது சாயும்போது அவள் திரும்பி வந்தால், குகைக் கோயில்களின் வௌவால் எச்சமும் பழைய எண்ணெயும் ஈரக்கல்லும் கலந்த வாடை அவளுக்கு முன்பே வாசலைத் தாண்டி உள்ளே வந்து, ராத்திரி முழுக்கச் சோற்றிலும் பாயிலும் குழந்தையின் தலைமுடியிலும் தங்கியிருக்கும்.

"இன்னா பொம்பள இவ," என்றான் ஷஃபியுல்லா. "கடற்கரைக் கோயில் செவுத்துல மூஞ்சிய வெச்சிக்கினு மத்தியானம் பூரா நிக்கிறா. நான் பீடிக் கட்டையே காலி பண்ணிட்டேன்."

"அங்க அப்டி இன்னா கீது?" என்று ஹபீபா ஒருமுறை எல்சாவிடமே கேட்டாள்.

"அழகு," என்றாள் எல்சா. "ஆனா கல்லு. எவ்ளோ ஆசை வெச்சாலும் ஒண்ணும் குடுக்காது. நீ குடுக்கிற."

உண்மைதான். குழந்தை இருக்கும் வீட்டில் விருந்தாளி ஏதாவது ஒரு பொருளின் மேல் கண்வைத்தால் கொடுத்துவிட வேண்டும். மறுத்தால் பார்வை குழந்தையின் மேல் இறங்கும். ஹபீபா அப்படித்தான் வளர்ந்தாள். எல்சா வளையலை அழகு என்றாள். கொடுத்தாள். பச்சைச் சேலையை அழகு என்றாள். கல்யாணத்தன்று கட்டிய கழுத்துக் கருகமணியை அழகு என்றாள். அதையும் கழற்றினாள்.

இப்போது எல்சா அந்தச் சேலையில், அந்த மணியோடு, பானுவின் கன்னத்தைத் தொட்டாள்.

"அழகு," என்றாள்.

கை நீட்டவில்லை. காத்திருந்தாள்.

ஹபீபா குழந்தையை வாரிக்கொண்டு உள்ளறைக்குள் போய்த் தாழ்போட்டாள்.

விளக்கேற்றுவதற்குள் பானுவின் உடம்பு கொதித்தது. டாக்டர் வந்து ஊசி போட்டார். இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. உதடு வெடித்தது. கண் மேலே செருகியது. எல்சா கோயிலுக்குப் போகவில்லை. முன்னறையில் உட்கார்ந்திருந்தாள். சுவருக்கு அப்பால் அவள் மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது. நிதானமாக. பசியில்லாத மாதிரி.

"யாரோ கண்ணு வெச்சிட்டாங்க," என்றான் ஷஃபியுல்லா. "கேட்டத குடுத்துத் தொலையேன். அப்டி இன்னா உங்கிட்ட கீது?"

அவன் மருந்து வாங்கப் போனான்.

பானு ஒருமுறை விக்கினாள். பிறகு மூச்சு வரவில்லை.

ஹபீபா தாழைத் திறந்தாள். குழந்தையைத் தூக்கிப்போய் எல்சாவின் மடியில் வைத்தாள்.

மூச்சு வந்தது. நெற்றியில் வேர்வை. காய்ச்சல் விட்டது.

போதும். உயிரோடு இருந்தால் போதும். ஹபீபா சுவரில் சாய்ந்தாள்.

சுவர் சில்லென்றிருந்தது. பிறகு அந்தச் சில்லிப்பு முதுகுக்குள் வந்தது. தோளுக்கு. தாடைக்கு. வாயில் உப்பு.

கார் வந்து நின்றது. ஷஃபியுல்லா உள்ளே வந்தான். ஹபீபாவைக் கடந்து போனான். மருந்துப் பொட்டலத்தை எல்சாவின் கையில் கொடுத்தான்.

"காய்ச்ச வுட்டுட்ச்சா, ஹபீபா?"

"வுட்டுட்ச்சிங்க," என்றாள் எல்சா.

ஹபீபா கத்தினாள். சத்தம் வரவில்லை. நாக்கு அசையவில்லை.

பானு மடியிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். சுவரையே பார்த்தாள். கருகமணியைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, அந்த கல்லு பொம்மை ஏன் அழுவுது?"