கூரைத்துணி

சோதனைக்கு வைத்திருந்த ஆன்டெனாவைச் செருகினால் வழிகாட்டும் ஜிபிஎஸ் திரையில் ஒன்பது செயற்கைக்கோள்கள் கோடுகோடாக வரிசைகட்டின. காரின் சொந்த ஆன்டெனாவைச் செருகினால் ஒன்றுகூட இல்லை. எலக்ட்ரீஷியன் மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தான். உச்சிவெயில். ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் மரமோ கட்டடமோ மறைக்காத வெட்டவெளி. வானத்தில் பொட்டு மேகம் கிடையாது.

"ஓட்டிப் பாத்தப்ப வழியெல்லாம் ஒழுங்காத்தான் சொல்லுச்சு மச்சான்," என்றான் அவன் தங்கையின் கணவன். யாரோ ஓட்டிய பழைய கார். போன வாரம்தான் வாங்கியிருந்தான். "கைக்கு வந்ததும் வேலையக் காட்டுது."

"மாப்பிள்ளைங்க மாதிரியேதான்," என்றாள் தங்கை, பின்சீட்டில் வீங்கிய கால்களை நீட்டியபடி.

நிறைமாதம் அவளுக்கு. மறுநாள் காலை ஆபரேஷன். செல்போன் சிக்னல் கிடைக்காத மலைப்பாதையைத் தாண்டி, முன்பின் தெரியாத ஊரில், இருட்டுவதற்குள் ஆஸ்பத்திரியைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

கூரைமேல் இருக்கும் பிளாஸ்டிக் மூடிக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும் என்று எலக்ட்ரீஷியன் நினைத்தான். ஆன்டெனாவை உள்ளங்கையால் பொத்தினாலே திரையில் கோடுகள் சரிந்துவிடும். ஈரமும் சதையும் சிக்னலை விடுவதில்லை.

"புதுசு ஒண்ணு வாங்கிட்டு வா மாப்ள. அதுக்குள்ள பழசக் கழட்டிடுறேன்."

ஸ்கூட்டர் சத்தம் தேய்ந்து மறைந்தது.

முறைப்படி என்றால் காருக்குள் கூரைத் தகட்டை மறைக்கும் கூரைத்துணி முழுவதையும் இறக்க வேண்டும், அரைநாள் வேலை. அவசரத்துக்கு இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வது வேறு: ஆன்டெனாவுக்கு நேர் கீழே பிளேடால் ஒரு கீறல். அந்த இடம் தங்கையின் தலைக்கு மேலே இருந்தது.

"கொஞ்சம் இறங்கிக்கிறியா?"

"இறங்குனா திரும்ப ஏத்த கிரேன்தான் வரணும்ணா. நீ வேலையப் பாரு."

ஏசிக் குளிரில் சற்று நேரத்திலேயே அவள் தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

அவன் சீட்டில் முழங்காலூன்றிக் கீறினான். தேங்கிய தண்ணீரின் வாடையை எதிர்பார்த்திருந்த அவன் முகத்தில், திரிந்த பாலும் பல நாள் பிரிக்காத புண்கட்டும் சேர்ந்து வெந்ததுபோல் ஒரு நாற்றம் வந்து மோதி, தொண்டைக்குள் இறங்கி, நாக்கின் அடியில் இனிப்பாகத் தங்கியது. எச்சிலை விழுங்க அருவருத்து, தோளில் வாயைத் துடைத்துக்கொண்டான். எலி செத்திருக்கும். பிடித்து இழுத்துவிட்டால் முடிந்தது. மூச்சை அடக்கி இரண்டு விரல்களைக் கீறலுக்குள் விட்டான்.

சூடாக இருந்தது. கூரைத் தகட்டின் சூடு இல்லை. காய்ச்சல்காரன் வாய்க்குள் இருக்கும் சூடு. விரலுக்கடியில் வழவழவென்று ஏதோ அமுங்கியது. மேலும் கீழுமாக இரண்டு மேடுகள். நடுவில் பள்ளம். பல் இல்லாத ஈறு போல.

அது மூடிக்கொண்டது.

சப்பியது.

வலிக்கவில்லை. அதுதான் குமட்டியது. மென்மையாக, விடாமல், பசியோடு சப்பியது. கையை வெடுக்கென்று பிடுங்கினான். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. மஞ்சளாக ஒரு கோழை நூல் கீறலிலிருந்து அவன் நகம்வரை நீண்டு, அறுந்து, தங்கையின் கீழுதட்டில் விழுந்தது.

அவள் தூக்கத்திலேயே நக்கிக்கொண்டாள்.

முன்னால் திரையில் ஒரு கோடு எழுந்தது.

பழைய ஆன்டெனாதான் செருகியிருந்தது. இரண்டாவது கோடு. மூன்றாவது. மேலே அடைத்துக்கொண்டிருந்தது விலகுகிறது.

கூரைத்துணி புடைத்தது. கீறல் விரிந்தது.

"எந்திரி!" என்று கத்த வாயைத் திறந்தான். வாந்திதான் வந்தது. குனிந்தான். ஒரு கணம்தான்.

நிமிர்ந்தபோது கூரைத்துணி தொளதொளவென்று காலியாகத் தொங்கியது. திரையில் ஒன்பது செயற்கைக்கோள்களும் பளிச்சென்று தெரிந்தன.

தங்கை விழிக்கவில்லை. அவள் கழுத்து தடித்திருந்தது. விழுங்கினாள். மறுபடி விழுங்கினாள். உதடுகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில், ஈரமாக, விரல் தடிமனில் ஒரு நுனி வெளியே துடித்துக்கொண்டிருந்தது.

அதையும் உறிஞ்சிக்கொண்டு, வாயை மூடினாள்.