இடது பின்சக்கரத்தில் ஒரு விரல் குறைவு!

"போம்பா...! போம்பா...!"

மூன்றாம் மாடி பல்கனியில் நின்று அலறினாள் வீட்டுக்காரச் சீமாட்டி, சிஞ்ஞோரா.

லிபெர்த்தா வட்டாரத்தின் அந்தப் பணக்காரத் தெரு ஒரு கணம் உறைந்தது. அடுத்த கணம் ஓடத் தொடங்கியது!

போம்பா என்றால் குண்டு. 1995ஆம் ஆண்டு பலெர்மோவில் அந்த ஒரு சொல் போதும். மாஃபியா வைத்த குண்டுகளில் கார்கள் வெடித்த கோடை முடிந்து மூன்று வருடங்கள்தான்! ரொட்டிக்கடைக்காரன் ஷட்டரை இழுத்து மூடினான். தபால்காரன் ஸ்கூட்டரை நடுத்தெருவில் போட்டுவிட்டுப் பறந்தான்.

கருநீல ஸ்போர்ட்ஸ் செடான் ஒன்றின் பின்சக்கரத்தருகே குந்தியிருந்த நகுலேஸ்வரனும் பதறி எழுந்தான்.

எங்கே குண்டு?

எல்லோருடைய விரல்களும் அவனை நோக்கி நீண்டிருந்தன!

அவன் கையில்... மஞ்சளாய், உருண்டையாய், முஷ்டியைவிடப் பெரிதாய் ஒரு பொருள்.

எலுமிச்சம்பழம்!

நகுலேஸ்வரன் யாழ்ப்பாணத்தான். அல்பெர்கேரியா என்ற ஏழைப் பகுதியின் ஒடுக்கமான சந்தொன்றில், பெப்பே என்பவனின் கராஜில் மெக்கானிக். அந்தக் காரை அவன் தன் எதிரியை வெறுப்பதுபோல் வெறுத்தான்.

சொந்தக்காரர் மர்க்கேசே. பழம்பொருள் வியாபாரி. ஊரே அவரைப் படித்த பெரிய மனிதர் என்று 'தொத்தோரே' எனப் பட்டம் வைத்து அழைக்கும். காருக்கு நான்கு புதிய அகல அலோய் சக்கரங்கள், உடலைத் தரையோடு பதிக்கக் கட்டை ஸ்பிரிங்குகள் கேட்டார். நகுலேஸ்வரன் பூட்டினான். கார் ஒரு கருஞ்சிறுத்தைபோலப் பதுங்கி நின்றது... இடது பின்பக்கத்தைத் தவிர!

அங்கே மட்டும் ஒரு விரல் அளவு கூடுதலாகப் பதிந்தது.

கழற்றினான். இடது ஸ்பிரிங்கை வலப்பக்கம் போட்டான், வலதை இடப்பக்கம் போட்டான். மீண்டும் இடதுதான் பதிந்தது! புது ஸ்பிரிங் போட்டான். அதுவும் பதிந்தது! டிக்கியைத் திறந்து பார்த்தான். வெறுமை.

"மரமண்டை! நாலு சில்லையும் ஒரு மட்டத்தில நிப்பாட்டத் தெரியாதோ?" தொத்தோரே கராஜ் அதிரக் கத்தினார்.

அவர் போனதும் பெப்பே கத்தினான். "இந்தக் கார் இன்னொருக்கா என்ரை வாசலுக்குத் திரும்பி வந்தால், உன்ரை பேப்பரில நான் கையெழுத்து வைக்க மாட்டன்!"

வேலை தந்தவன் கையெழுத்து வைக்காவிட்டால் பெர்மெசோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க முடியாது. பெர்மெசோ இல்லாவிட்டால் இத்தாலியே இல்லை. திங்கட்கிழமை பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவில் அந்தப் பேப்பரைக் கொடுத்தாக வேண்டும்!

நேற்று, பல்லைக் கடித்துக்கொண்டு, இடது பின் ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு தடித்த ரப்பர் வளையத்தைச் செருகினான். கார் நிமிர்ந்தது. நான்கு பக்கமும் ஒரே மட்டம்!

இன்று காலை காரைத் தொத்தோரேயின் வீட்டுவாசலில் கொண்டுவந்து விட்டான். எதிர்க் கட்டடத்து மூன்றாம் மாடியில், சிஞ்ஞோராவிடம்தான் அவன் மனைவி குகனேஸ்வரி வீட்டுவேலை செய்கிறாள். பல்கனியில் விரிப்பு உதறிக்கொண்டிருந்தவள் குனிந்து பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ! தேசிக்காய் வைச்சனீங்களே?"

"எனக்கு இருக்கிற விசருக்குள்ள தேசிக்காய் ஒண்டுதான் குறைச்சல்!"

"புதுச் சில்லுக்குத் தேசிக்காய் வைச்சு நசிக்காமல் ஓடினால் கார் திரும்பத் திரும்ப வராமல் என்ன செய்யும்? நில்லுங்கோ!"

கயிற்றில் கட்டிய கூடை சரசரவென்று இறங்கியது. உள்ளே நான்கு சிசிலி எலுமிச்சைகள்.

"பிள்ளையாரே, இந்தக் கார் இனித் திரும்பி வரக்கூடாதெண்டு சொல்லி வையுங்கோ!"

அவன் சொல்லித்தான் வைத்தான். மூன்று வைத்தாயிற்று. நான்காவதை வைக்கும்போதுதான் சிஞ்ஞோரா தூக்கம் கலைந்து பல்கனிக்கு வந்தாள்...

சைரன்!

பொலிஸ் கார் கிறீச்சிட்டு நின்றது. இன்ஸ்பெக்டர் கத்தால்தோ துப்பாக்கியோடு குதித்தார்.

"கையைத் தூக்கு!"

தூக்கினான். எலுமிச்சையும் மேலே போனது.

"அதைக் கீழ போடு!... ஐயோ, போடாதை! அப்பிடியே நில்லு!"

"போடுறதோ விடுறதோ, இஸ்பெத்தோரே?" நகுலேஸ்வரனுக்கு அழுகை வந்தது.

குகனேஸ்வரி செருப்பில்லாமல் ஓடி வந்தாள். "அது லிமோனே! சிஞ்ஞோராவின்ரை குசினி லிமோனே!"

இன்ஸ்பெக்டர் மெல்ல நெருங்கினார். பார்த்தார். முகர்ந்தார்.

"சில்லுக்குக் கீழ லிமோனே எதுக்கு?"

"எங்கடை வழக்கம். ஏத்தி நசிச்சால் கண்ணூறு படாது."

"நாங்கள் மீனுக்குத்தான் பிழியிறனாங்கள்." துப்பாக்கியை இறக்கினார். "எண்டாலும் காரைச் சோதிக்கவேணும்."

"வேண்டாம்...!"

தொத்தோரே மர்க்கேசே! ஒரு கன்னத்தில் சவர நுரையோடு படி தாவி இறங்கி வந்தார்.

"இந்தப் பிள்ளையை எனக்கு நல்லாத் தெரியும், இஸ்பெத்தோரே! தங்கமான பெடியன்! பலெர்மோவிலேயே இவனைப்போல ஒரு மெக்கானிக் இல்லை! சோதனை ஒண்டும் தேவையில்லை. நான் பின்னேரம் நாப்போலிக் கப்பலைப் பிடிக்கவேணும்!"

நகுலேஸ்வரன் வாய் பிளந்தான்; கையிலிருந்த எலுமிச்சை கீழே விழுந்தது. நேற்று வரைக்கும் மரமண்டை... இன்றைக்குத் தங்கமா?

அவன் நெஞ்சு நெகிழ்ந்தது. இந்த நல்ல மனிதரையா ஏமாற்றினோம்? ரப்பர் வளையம் உள்ளே உறுத்தியது.

"தொத்தோரே, ஒரு உண்மை சொல்லவேணும்..."

"ஒண்டும் சொல்ல வேண்டாம்! வீட்டை போ!"

"இல்லை, சொல்லத்தான் போறன்! நான் காரைச் சரியாத் திருத்தேல்லை. இடது பின்பக்கத்துக்கு ரப்பர் வைச்சு முண்டு குடுத்திருக்கிறன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ!"

குகனேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள். "இவருக்கு உண்மை சொல்ல வேறை நேரம் கிடைக்கேல்லை!"

இன்ஸ்பெக்டரின் புருவம் உயர்ந்தது. "முண்டு ஏன்?"

அவ்வளவுதான். நாட்கணக்காய் அடைத்து வைத்திருந்த எரிச்சல் மடை திறந்தது!

"ஏனெண்டு தெரிஞ்சால் நான் ஏன் இப்பிடி மண்டையை உடைக்கிறன்? ஸ்பிரிங் மாத்தினன், பதியுது! இடம் மாத்தினன், பதியுது! புதுசு போட்டன், பதியுது! டிக்கியில ஒரு தும்பும் இல்லை! பேய் ஏறி இருக்குதோ தெரியாது!"

"அப்ப ஸ்பிரிங்கில பிழையில்லை..."

"சத்தியமா இல்லை!"

"டிக்கியிலயும் ஒண்டுமில்லை..."

"இல்லை!"

இன்ஸ்பெக்டர் திரும்பித் தொத்தோரேயைப் பார்த்தார். சவர நுரை வியர்வையில் கரைந்து வழிந்துகொண்டிருந்தது.

"பேய் நல்ல பாரம்போல, தொத்தோரே... டிக்கியின்ரை இடப்பக்க உள்தட்டைக் கழட்டுங்கோ!"

இரண்டு பொலிஸ்காரர் தட்டைப் பிய்த்தார்கள்.

உள்ளே, மட்கார்டுக்கும் உள்தட்டுக்கும் இடையில், கம்பளித் துணிச் சுற்று. இருவர் முக்கி முனகி வெளியே தூக்கினார்கள். துணி விலகியது...

சலவைக்கல்லில் செதுக்கிய ஒரு தேவதூதனின் தலை! அரைக்கண் மூடி, கனவு காண்பதுபோல் சிரித்தது.

"ஈஸ்டருக்குச் சிற்றாலயத்தில களவு போன தலை!" இன்ஸ்பெக்டர் விசிலடித்தார். "ஒரு பக்கம் பதிஞ்ச காரைக் கண்டால் துறைமுகத்தில விடமாட்டாங்கள். அதுதான் முழுக் காரையும் பதிச்சு, பாரத்தோடயே மட்டம் பாக்கச் சொல்லியிருக்கிறார் தொத்தோரே!"

தொத்தோரே ஓடப் பார்த்தார். நான்காவது எலுமிச்சை காலில் உருண்டது. விழுந்தார். விலங்கு பூட்டப்பட்டது.

பொலிஸ் காரில் ஏறும்போது அவர் திரும்பித் தன் காரைப் பார்த்தார். முகம் கோணியது.

"மரமண்டை! இப்ப இடது பக்கம் உயர்ந்து நிக்குது!"

உண்மைதான்! தலை போனதும், ரப்பர் வளையம் வைத்த மூலை ஒரு விரல் அளவு மேலே எழும்பியிருந்தது.

நகுலேஸ்வரன் நடைபாதையில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"முடிஞ்சுது! இதைத் திரும்பவும் கராஜுக்குக் கொண்டுபோனால் பெப்பே கையெழுத்து வைக்க மாட்டான்!"

"கராஜுக்கோ?" இன்ஸ்பெக்டர் சிரித்தார். "இது வழக்குச் சான்று. பொலிஸ் காவல்ல வருஷக்கணக்காய் நிக்கும். அங்கை திரும்பி வராது!"

திரும்பி... வராது!

நகுலேஸ்வரன் துள்ளி எழுந்தான். கையெழுத்து... குவெஸ்தூரா... பெர்மெசோ! அவன் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தான்.

குகனேஸ்வரி எலுமிச்சைகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டபடி சொன்னாள்:

"கார் திரும்பி வரக்கூடாதெண்டு மட்டும்தான் பிள்ளையாரைக் கேட்டனாங்கள். சொந்தக்காரனும் திரும்பி வராதது... அவர் போட்ட போனஸ்!"