சுத்தக் காற்று அறை

ஈரத்துணியில் கறை இருந்தது.

யெத்ரி முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்து வாரமாகக் காட்டுத்தீப் புகைக்குள் கிடக்கும் பாலங்கராயா நகரில் கறை படியாத துணி எந்த வீட்டில் இருக்கிறது? கொடியில் காயப்போட்டதெல்லாம் பழுப்பேறித்தான் வீட்டுக்குள் வந்தது. சோற்றில் புகை வாடை, குடிக்கிற தண்ணீரில் புகை வாடை, மகளை அணைத்தால் அவள் தலைமுடியில் அணைந்த அடுப்பின் வாடை. ஆனால் இந்தக் கறை துணி முழுக்கப் பரவியிருக்கவில்லை. பின்னறை ஜன்னலின் கம்பி வலைமேல், நேற்று மாலை துவைத்து நனைத்து நான்கு மூலையிலும் ஆணியடித்து அவள் இழுத்துக் கட்டிய வெள்ளைத் துண்டின் நடுவே, ஒரு எலுமிச்சம்பழ அளவுக்கு வட்டமாக, உதட்டைக் குவித்துப் பதித்தது போல, கன்னங்கரேலென்று இருந்தது.

"ஒக்தா, துணியில வாய வச்சியா?"

ஆறு வயது ஒக்தா பாயில் கவிழ்ந்து படுத்து படம் வரைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "நான் வைக்கல."

"பின்ன இது எப்படி வந்துச்சு?"

"அது அந்தப் பக்கத்துலேர்ந்தும்மா."

யெத்ரி ஒரு மூலை ஆணியைப் பிடுங்கித் துணியைத் திருப்பிப் பார்த்தாள். வெளிப்பக்கம்தான் கறை தடிப்பாக இருந்தது. உள்பக்கம் வந்திருந்தது அதன் ஊறல் மட்டும்.

வீடு மரக்கால்கள்மேல் நின்றது. கீழே ஒரு காலத்தில் சதுப்பு. இப்போது கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டதால் வெறும் கரிமண், தீப்பிடித்தால் உள்ளுக்குள்ளேயே எரிவது. பின்பக்க ஜன்னல் தரையிலிருந்து ஒன்றரை ஆள் உயரம். ஏணி இல்லாமல் அந்தப் பக்கத்திலிருந்து யாரும் அதைத் தொட முடியாது. அவள் துணியை மறுபடி நனைத்துக் கட்டிவிட்டு, ஏதோ பறவை வந்து மோதியிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். மூன்று வாரமாக அந்த ஊரில் யாரும் பறவையைப் பார்க்கவில்லை என்பது பிற்பாடுதான் அவளுக்கு நினைவு வந்தது.

அந்த அறையை அமைத்துக் கொடுத்தவன் அவள் கணவன் தெஹென். பலகை இடுக்குகளிலெல்லாம் டேப் ஒட்டி, கதவுக்கடியில் ஈரப் போர்வை திணித்து, காற்றை வடிகட்டும் எந்திரம் ஒன்றை வாங்கி மூலையில் வைத்திருந்தான். காற்று நன்றாக இருந்தால் அதில் பச்சை விளக்கு எரியும். ஒக்தாவுக்கு இழுப்பு உண்டு. "கதவ ஒரு தடவ திறந்தா அரை நாள் பாடுபட்டது போச்சு. யார் வந்தாலும் திறக்காத" என்று சொல்லிவிட்டு, தீயணைக்கும் தொண்டர்களோடு தெற்கே கால்வாய்க் கரைக்குப் போனவன், வாரத்துக்கு ஒரு நாள் சாம்பல் பூசிய முகத்தோடு வந்து போவான்.

யார் வந்தாலும் என்று அவன் சொன்னபோது யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. வந்தவள் மஸ்னியா.

நான்கு வீடு தள்ளிக் குடியிருப்பவள். போன திங்கட்கிழமை, நான்கு மாதக் கைக்குழந்தையைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு படியேறி வந்தாள். குழந்தையின் தொண்டைக்குள் காய்ந்த சருகை யாரோ இழுப்பது போன்ற ஒரு சத்தம்.

"அக்கா, இவன ஒரு பகல் மட்டும் உங்க ரூம்ல போட்டுக்கிறீங்களா? வெளிச்சம் போறதுக்குள்ள தூக்கிட்டுப் போயிடறேன்."

யெத்ரி வாசற்கதவைப் பாதி மூடியபடியே நின்றாள். "ஒக்தாவுக்கு நேத்துலேர்ந்து இழுப்பு, மஸ்னியா. கதவத் திறந்து மூடினா அவளுக்கு ஆகாது. நாளைக்குப் பார்க்கலாமா?"

"சரிக்கா."

மஸ்னியா இறங்கிப் போனாள். ஒக்தாவுக்கு அன்றைக்கு இழுப்பே இல்லை. உள்ளே பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள்; அந்தப் பாட்டு மஸ்னியாவுக்கும் கேட்டிருக்கும்.

மறுநாள் மஸ்னியா வரவில்லை. போய்க் கூப்பிடலாம் என்று யெத்ரி நினைத்தாள், துணியை நனைத்துக் கட்டியதும் போகலாம், உலை கொதித்ததும் போகலாம், ஒக்தா தூங்கியதும் போகலாம் என்று தள்ளிப் போட்டாள். வியாழக்கிழமை காலை பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சுப்லியின் மகன் இல்ஹாம் காலமான செய்தியைச் சொன்னார்கள். சுப்லி, மஸ்னியாவின் கணவன்.

துக்க வீட்டுக்கு அரிசியும் சர்க்கரையும் எடுத்துக்கொண்டு போனாள். மஸ்னியா அழவில்லை. யெத்ரியின் மணிக்கட்டைப் பிடித்து, சத்தமில்லாமல் கேட்டாள்.

"ஒக்தா நல்லா மூச்சு விடுறாளாக்கா?"

"ம்."

"நல்லது."

அந்தச் சொல்லில் குத்தல் ஏதும் இல்லை. இருந்திருந்தால் யெத்ரி அன்றிரவு தூங்கியிருப்பாள்.

கறை வந்தது சனிக்கிழமை. ஞாயிறன்று மூன்று கறைகள் இருந்தன, எல்லாம் அதே அளவு.

பகல் பன்னிரண்டு மணிக்கு அவள் மாஸ்க்கை இறுக்கிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனாள். வானம் இல்லை, தலைக்கு மேல் துருப்பிடித்த தகரத்தைக் கவிழ்த்தது போல ஒரு நிறம், அதன் கீழே வேலியும் வாழையும் அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் பாதி அழித்த ஓவியம் போல மங்கி நின்றன, நாய் குரைப்பதோ வண்டி போவதோ எதுவும் கேட்கவில்லை, எங்கோ மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ இருமி, நிறுத்தி, மறுபடி இருமுவது மட்டும் கேட்டது. தரையில் மாவு சலித்தது போலச் சாம்பல். அதில் ஒரு காலடி இல்லை. கோழி நடந்த தடம்கூட இல்லை.

சுவர்ப் பலகையைப் பார்த்தாள்.

கறைகள் கீழிருந்தே தொடங்கியிருந்தன. சாண் இடைவெளிக்கு ஒன்றாக, மரக்காலில் ஏறி, பலகையில் ஏறி, ஜன்னல் வரைக்கும். ஒவ்வொன்றும் வட்டம். பலகையில் வாயை ஊன்றி ஊன்றி ஏதோ மேலே நகர்ந்திருந்தது. கடைசியாக இருந்ததைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம். அது தொடங்கிய இடத்தில், மரக்காலின் அடியில், மண்ணில் ஒரு தட்டளவு குழி. அதிலிருந்து நூல் போல ஒரு புகை. செருப்பைத் தாண்டிப் பாதத்தில் சூடு ஏறியது.

தெஹெனுக்கு நான்காவது முயற்சியில்தான் போன் கிடைத்தது.

"மண்ணு சூடா இருக்கா? உடனே தண்ணி ஊத்து, ஒக்தா அம்மா. இங்கயும் நெருப்பு மண்ணுக்குள்ளதான் ஓடுது. மேல பார்த்தா ஒண்ணுமே தெரியாது, கால வச்சா முழங்கால் வரைக்கும் இறங்குது. நாளைக்குச் சாயங்காலம் வந்துடறேன்."

"அது மட்டும் இல்ல. சுவத்துல வாய் அடையாளம் இருக்கு."

"என்ன அடையாளம்?"

"வாய்."

அவன் சிரித்தான், சிரிப்பு இருமலாக மாறியது. "நாங்க இங்க மரத்துக்கு மரம் பேயப் பாக்குறோம். புகை தலைக்கேறினா அப்படித்தான். சூரியனே லீவு போட்டுட்டுப் போயிருக்கு, பேய் மட்டும் டூட்டிக்கு வருமா? தூங்கு கொஞ்சம். கதவ மட்டும் திறக்காத."

அவள் பதினேழு வாளி தண்ணீர் ஊற்றினாள். குழி புஸ்ஸென்று சீறியது, அடங்கியது. பலகையைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தாள். கறை போகவில்லை.

திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு மின்சாரம் நின்றது.

எந்திரத்தின் முனகல் நின்றபோதுதான் அத்தனை நாளாக அது எவ்வளவு சத்தத்தை மூடி வைத்திருந்தது என்று தெரிந்தது. பச்சை விளக்கு அணைந்தது. அறைக்குள் பழுப்பு வெளிச்சம், வேர்வை வாடை, நனைந்த துணியின் புளித்த வாடை, ஒக்தாவின் நெஞ்சுக்குள் மெல்லத் தொடங்கிய விசில். அப்புறம், ஜன்னல் பக்கத்திலிருந்து, பசித்த குழந்தை முலையைப் பற்றும்போது வரும் அந்தச் சின்ன ஈரச் சத்தம்.

ச்சப்.

துணி வெளிப்பக்கமாகக் குழிந்தது. வலையோடு ஒட்டிக்கொண்டது. தளர்ந்தது. மறுபடி குழிந்தது.

காற்று என்று நினைத்தாள். ஊரில் காற்றே இல்லை. அதனால்தானே புகை நகராமல் கிடக்கிறது.

ஒக்தா எழுந்து உட்கார்ந்தாள். தோள்கள் ஏறி இறங்கின. "அம்மா, அது வேகமா குடிக்குது."

யெத்ரி இன்ஹேலரை எடுத்து மகளின் வாயில் வைத்து அழுத்தினாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது முறை வெறும் சீறல், மருந்து தீர்ந்திருந்தது. விசில் குறையவில்லை. அவள் தலையணையை எடுத்துக்கொண்டு ஓடி ஜன்னலை அடைத்தாள். தலையணை கையில் கனத்தது, இழுபட்டது. நழுவி விழுந்தது. உள்ளங்கையைத் துணியில் வைத்து அழுத்தினாள்.

ஈரம். அதற்குப் பின்னால் வெதுவெதுப்பு. அதற்குப் பின்னால், வலையின் கட்டங்களுக்கு நடுவே, அவள் உள்ளங்கையைப் பற்றிச் சப்பியது, பல் முளைக்காத ஈறு.

ஒக்தாவுக்குப் பால் கொடுத்தவள். அவளுக்குத் தெரியாதா?

பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் கீழே இன்னொன்று.

கையைப் பிடுங்கிக்கொண்டாள். மகளை வாரி முதுகில் போட்டுக்கொண்டாள். மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, கதவடியில் திணித்த போர்வையைக் காலால் தள்ளினாள். திறந்தாள். புகை சுவராக வந்து முகத்தில் மோதியது.

தெஹென் பைக்கை எடுத்துக்கொண்டு போயிருந்தான். ஆஸ்பத்திரிக்குப் போக, அக்கம்பக்கத்தில் வண்டி இருந்தது சுப்லியின் வீட்டில் மட்டும்தான். வேலிக் கம்புகளைக் கையால் தொட்டுத் தொட்டு நடந்தாள். முதல் வீடு, கதவிடுக்கில் துணி. இரண்டாவது வீடு, கதவிடுக்கில் துணி. காதுக்கருகே மகளின் விசில் நீண்டு, மெலிந்து, அறுந்து, மறுபடி பற்றியது. மூன்றாவது வீடு. பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

மஸ்னியாவின் வீட்டில் எல்லாக் கதவும் திறந்திருந்தது. எல்லா ஜன்னலும் திறந்திருந்தது. மஸ்னியா வாசலிலேயே நின்றிருந்தாள், மாஸ்க் இல்லாமல்.

"சுப்லி இருக்காரா? வண்டி வேணும். இவளுக்கு முடியல, மஸ்னியா."

"அவரு அவங்கம்மா வீட்டுக்குப் போயிட்டாரு. உள்ள கொண்டாங்கக்கா. நான் பார்த்துக்கறேன்."

"ஜன்னல மூடு மொதல்ல."

"எதுக்குக்கா?"

உள்ளே புகை தயிர் போல உறைந்திருந்தது. சாமான் எதுவும் தெரியவில்லை. கூடத்தின் நடுவே, உத்தரத்திலிருந்து தொங்கிய தூளி மட்டும் தெரிந்தது. ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் யாருமில்லை.

வாசற்படி தாண்டியதுமே ஒக்தாவின் விசில் நின்றது.

யெத்ரி மகளை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஒக்தாவின் முகத்தில் தவிப்பு இல்லை. உதடு மட்டும் நீலம் பாரித்திருந்தது.

"இப்ப தேவலயாடி தங்கம்?"

"நல்லா இருக்கும்மா. இங்க வலிக்கல."

அவள் மகளின் முதுகைத் தடவினாள். ஒவ்வொரு இரவும் தூங்குவதற்கு முன்னால் கை வைத்துப் பார்க்கும் அதே இடம். சூடாக இருந்தது. அசையவில்லை. காத்திருந்தாள். மனதுக்குள் எண்ணினாள். பத்து. இருபது. அசையவில்லை. நாற்பது.

"ஒக்தா. மூச்சு விடு."

"எதுக்கும்மா?"

மஸ்னியா எதிரே வந்து குந்தினாள். அவள் முகத்துக்கு முன்னால் ஒரு புகை இழை செங்குத்தாக நின்றது. மூக்குக்கு நேராக. வாய்க்கு நேராக. கலையவே இல்லை.

"உங்க மேல எனக்குக் கோவம் இல்லக்கா" என்றாள் மஸ்னியா. இழை கலையவில்லை. "நீங்களா கதவத் திறக்க நாளாகும்னு தெரியும். அவன்தான் பொறுக்க மாட்டேன்னுட்டான். சின்னப் பிள்ள."

யெத்ரி மகளை இழுத்துக்கொண்டு எழப் பார்த்தாள். ஒக்தா மடியிலிருந்து நழுவினாள். தானாகவே தூளிப் பக்கம் நடந்தாள். தூளியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள், தம்பிக்குக் காவல் நிற்பவள் போல.

"ஒக்தா, வா. போலாம்."

சத்தம் ஒன்று கேட்டது. கரகரவென்று. உள்ளே போவதும் வெளியே வருவதுமாக. கூடம் முழுவதும் அது ஒன்றுதான். எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாள். இடப்பக்கம். வலப்பக்கம். மாஸ்க்கைப் பிய்த்து எறிந்தாள். சத்தம் இன்னும் உரத்தது.

அவளுடைய மூச்சு.

வாயைப் பொத்தினாள். விரலிடுக்கில் வந்தது. அடக்கினாள். நெஞ்சு இடித்தது. ஒரு வினாடி. இரண்டு. முடியவில்லை. இழுத்தாள்.

மஸ்னியா பார்த்தாள். ஒக்தா பார்த்தாள். அவள் கண்ணை அல்ல. இரண்டு பேரும் அவள் வாயைத்தான் பார்த்தார்கள்.

தூளி அவள் பக்கமாக ஆடி வந்தது. திரும்பிப் போகவில்லை. கயிறு சாய்ந்தபடியே, அவளை நோக்கி, அந்தரத்தில் நின்றது.