செவலை நின்ற கரை

தை மாதத்தில் ஆறிப்போன அரிவாள் காயம், ஆனி பிறந்ததும் அரிக்கத் தொடங்கியது. இடது ஆள்காட்டி விரலில் வெறும் வெள்ளைத் தழும்புதான். மேகலா சொறிந்து சொறிந்து பார்த்தாள். சதைக்குள்ளேயே எறும்புகள் வரிசையாக முழங்கை வரை ஏறுவது போலிருந்தது. நாலைந்து நாளாக உள்காய்ச்சல் வேறு.

சாயங்காலம் ஊரெல்லாம் ஒரே பேச்சு, தண்ணீர் வருகிறதென்று. கொல்லைப்பக்கம் வெடித்துக் கிடந்த வாய்க்காலிலிருந்து, இன்னும் வந்து சேராத நீரின் வாசனை, நனைந்த புழுதியும் அழுகிய சருகும் கலந்த வாசனை, காற்றோடு அடுப்படிக்குள் நுழைந்து அவள் கழுத்தில் பட்டது. பட்டதும் தொண்டைக்குள் ஏதோ சுருண்டு இறுகியது. மின்விசிறிக் காற்றும் அப்படியே செய்தது. நிறுத்திவிட்டாள்.

அவளுக்குச் செவலையின் ஞாபகம் வந்தது.

மாட்டுப்பொங்கலன்று கரும்பு தின்ற பசு. மறுநாளிலிருந்து எச்சில் வடித்துக்கொண்டு, குரல் கம்மி, அந்த வாய்க்கால் கரையில்தான் நின்றது. மூக்கைத் தண்ணீர் வரை கொண்டுபோகும். குடிக்காமல் உதறி நிமிரும். கரும்புத் துண்டு சிக்கியிருக்கிறது என்று அவள் கணவன் தியாகேசன் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினான். நாக்கை ஓரமாக இழுத்துப் பிடித்தவள் மேகலா, காலையில் புல்லறுக்கும்போது வெட்டுப்பட்ட விரலோடு. கரும்பு கிடைக்கவில்லை. மாடு செத்தது.

மாட்டு டாக்டர், "இது வெறிநாய் கடிச்ச மாடுங்க. தொட்டவங்க ஊசி போட்டுக்கங்க" என்றார்.

தியாகேசன் போய்ப் போட்டுக்கொண்டான். "வெள்ளம் வர்றதுக்கு முன்னாடி அணை போடணும்னு நர்ஸம்மா சொல்றாங்க. ஊசி போட்டா ஒடம்பே காவலுக்கு ஆளத் தயார் பண்ணிக்குமாம். கிருமி நரம்புக்குள்ள பூந்துட்டா அந்தக் காவலுக்குக் கண்ணு தெரியாதாம். மெல்ல ஊர்ந்து மூளைக்கு ஏறிடுமாம். நீயும் வா."

"என்னைய மாடு கடிக்கவே இல்லியே, பல்லுகூட படல. நான் வந்துட்டா அறுவடை ஆளுங்களுக்கு யாரு சோறாக்குறது?"

பிறகு அறுவடை வந்தது, வைக்கோல் வந்தது, உளுந்து வந்தது. எல்லோரும் மறந்துபோனார்கள்.

இப்போது எறும்புகள் தோளுக்கு ஏறியிருந்தன. பயத்தில் அவளுக்கு அழுகை வந்தது. தண்ணீர் குடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தாள். குடத்தில் செம்பை விட்டு மொண்டாள். செம்புக்குள் தண்ணீர் ஆடியது. வாய் வரை கொண்டுபோனாள்.

உதறி நிமிர்ந்தாள்.

செம்பு உருண்டோடியது.

"மேகலா! தண்ணி வந்துருச்சு, ஓடியா!"

கரையிலிருந்து தியாகேசன் கூப்பிட்டான். அவனிடம் சொல்லிவிட வேண்டும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நடந்தாள். சலசலப்பு. வெடிப்புகள் நீரை உறிஞ்சும் சத்தம். நுரை. ஒவ்வொன்றுக்கும் தொண்டை இழுத்தது. கால் நின்றுவிட்டது. குனிந்து பார்த்தாள். செவலையைக் கட்டியிருந்த முளைக்குச்சி.

தண்ணீரில் இறங்கிப் பூவும் நெல்லும் தூவிக்கொண்டிருந்தவன் சிரித்தபடி திரும்பினான். அவள் சொல்ல வாய் திறந்தாள். கம்மிய சத்தம் ஒன்று வந்தது. இந்தச் சத்தத்தை அவள் முன்பே கேட்டிருக்கிறாள்.

எச்சில் நூலாக இறங்கி மண்ணைத் தொட்டது.

தியாகேசன் பதறிக்கொண்டு கரையேறினான்.

"தொண்டையில என்ன சிக்கிருக்கு? வாயத் தொற."

முழங்கை வரை ஈரம் சொட்டச் சொட்ட, அவன் கை அவள் வாயை நோக்கி வந்தது.